தாராசிங்: மலாயாவில் உருவான மல்யுத்த வீரர்



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் 'நான் போற்றும் விளையாட்டு வீரர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எட்டுக் கட்டுரைகளில் டத்தோ லீ சோங் வெய் வந்தார். மூன்றில் நிக்கோல் டேவிட் வந்தார். எஞ்சியவை பெரும்பாலும் ஐரோப்பியக் காற்பந்து வீரர்கள். ஒரே ஒரு மாணவன் மட்டும் மல்யுத்த வீரர் தாராசிங்கைப் பற்றி எழுதியிருந்தான். பதினொரு வயதுச் சிறுவனுக்குத் தாராசிங்கை எப்படித் தெரியும் என்று வியந்து அழைத்துக் கேட்டேன். "எங்க கொள்ளுத்தாத்தா சொன்னாரு, சார்" என்றான்.

அவனுடைய கட்டுரையின் சாரம் மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்தது. தாராசிங் மலேசியாவின் வெற்றிவீரர் பட்டம் பெற்றவர். வாழ்நாளில் ஒரு போட்டியில்கூடத் தோற்காதவர். 200 கிலோ எடையுள்ள கிங்காங் என்பவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வீசியவர்.

சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். இந்த மூன்று வாக்கியங்களும் எனக்குப் புதியவை அல்ல. என் தாத்தா என் தந்தையாரிடம் சொல்லி, தந்தையார் என்னிடம் சொல்லி, நான் பல ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லி வந்தவைதாம் அவை. இந்த மாணவனின் தந்தையும் என்னிடம் படித்தவர். அவருக்கும் இதையே சொல்லியிருப்பேன். ஆனால் இப்பொழுது எனக்கு ஐயம் வந்துவிட்டது. மூன்றில் எது உண்மை? எதைத் திருத்துவது? ஏறக்குறைய ஒரு மாத காலம் கிடைத்த நூல்களையும் செய்திகளையும் படித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

தாராசிங்கின் முழுப்பெயர் தீதார் சிங் ரந்தாவா. 1928ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் தர்முச்சக் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். வயலில் வேலை, ஊர்த் திருவிழாக்களில் மண் தரையில் குஸ்தி என்பதாகவே அவருடைய இளமை கழிந்தது. பஞ்சாபில் குஸ்தி என்பது அன்று பொழுதுபோக்கு மட்டுமன்று. ஊர்ப் பெருமையும் கூட. அந்த மண்ணின் பெருவீரரான காமா, 1910ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் போலந்து நாட்டுச் சிபிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் மோதினார். முடிவு எட்டப்படவில்லை. அதே இருவரும் 1928இல், அதாவது தாராசிங் பிறந்த ஆண்டில், பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடம் முடிவதற்குள் காமா வென்றுவிட்டார். காமாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை தாராசிங்கின் தலைமுறை.

1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிளவுண்ட அதே ஆண்டில், தாராசிங் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பயில்வானாக அல்ல, கூலியாக. தகரப் பீப்பாய்கள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. ஆறடி இரண்டு அங்குல உயரம். பார்த்தவர்கள் எல்லாரும் நீ ஏன் மேடையேறக் கூடாது என்று கேட்டார்கள். கிரேட் வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி தொடங்கியது.

இவ்விடத்தில் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி நம் இளைய பெற்றோர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பேரங்காடிகள் இல்லாத அக்காலத்தில் மாலை நேரத்து மக்கள் கூடுமிடம் இவைதாம். சிங்கப்பூரில் நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என மூன்று இருந்தன. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்தது. நம் ஈப்போவில் ஜூபிலி பூங்கா. சீன நாடகம், ஜோகெட் நடனம், திரைப்படம், குத்துச்சண்டை, மல்யுத்தம் என ஒரே வேலிக்குள் எல்லாம் நடக்கும். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீக்கியரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஒரே நுழைவாயிலில் சீட்டு வாங்கி உள்ளே போவார்கள். பகலில் அவரவர் உலகம் வேறு வேறு. இரவில் இந்த வேலிக்குள் மட்டும் ஒன்று.

மேடை மல்யுத்தத்துக்கும் தாராசிங் அறிந்திருந்த மண் குஸ்திக்கும் பெயரில்தான் ஒற்றுமை. இங்கே கயிறு கட்டிய மேடை; பலகையின்மேல் விரிப்பு; சுற்றுகள்; நடுவர். எதிராளியின் இரு தோள்களும் தரையில் படிய நடுவர் மூன்று எண்ணினால் ஒரு 'ஃபால்'. இவையெல்லாம் எல்லாரும் பார்த்தவை. பார்க்காதது ஒன்றுண்டு. யார் வெல்வது என்பது பெரும்பாலும் மேடை ஏறுவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அமெரிக்காவில் 1920களிலேயே இத்தொழில் முழுமையாக இந்த வழிக்கு வந்துவிட்டது. மண் குஸ்தி அரை நிமிடத்திலும் முடியலாம், மூன்று மணி நேரம் இருவரும் அசையாமல் கிடந்தும் முடியலாம். சீட்டு வாங்கியவனுக்கு இரண்டுமே நட்டம். ஆகவே போட்டி ஏற்பாட்டாளர்கள் கதை கட்டினார்கள். முதல் வாரம் நல்லவன் ஏமாற்றப்பட்டுத் தோற்பான். மறுவாரம் வெற்றி தோல்வியின்றி முடியும். மூன்றாம் வாரம் பழிக்குப் பழி; அன்றைக்குச் சீட்டு விலை கூடும். இந்த இரகசியத்தை அத்தொழிலினர் பல்லாண்டுகள் கட்டிக் காத்தார்கள். 1989இல்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனம், எங்களுடையது விளையாட்டு அன்று, கேளிக்கையே என்று நியூ ஜெர்சி மாநில அரசிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கும் காரணம் வாய்மையன்று. விளையாட்டுக்கு உரிய கட்டுப்பாடுகளிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கவே அந்த ஒப்புதல்!

ஆக, 'ஒரு போட்டியில்கூடத் தோற்றதில்லை' என்ற வாக்கியத்துக்கு இத்தொழிலில் பொருளே கிடையாது. 500 போட்டிகளில் தோல்வியே காணாதவர் என்று பல நாளிதழ்கள் எழுதியுள்ளன. ஆனால் புதிதாக மேடை ஏறுபவர் மூத்தவர்களிடம் விழுந்து விழுந்துதான் மேலே வர முடியும். அது இத்தொழிலின் ஏணி. தோற்றுக்கொடுக்கத் தெரியாதவருக்கு அடுத்த வாரம் வேலை இல்லை.

அடுத்து, 'மலேசியாவின் வெற்றிவீரர்'. தாராசிங் தர்லோக் சிங் என்ற வீரரைக் கோலாலம்பூரில் வென்று அப்பட்டத்தைப் பெற்றார் என்று எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் கூறுகின்றன. அவர் 1950களின் தொடக்கத்திலேயே இங்கிருந்து புறப்பட்டுவிட்டார். மலேசியா என்னும் நாடு 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள்தான் பிறந்தது. 1948 பிப்ரவரி முதல் இருந்தது மலாயாக் கூட்டரசு. எனவே அது மலாயா வெற்றிவீரர் பட்டம் என்பதே சரி. இது சிறிய திருத்தம்தானே என்று தோன்றலாம். ஆனால் 'மலாயா' என்று திருத்தி எழுதியதும் அக்காலம் முழுவதும் என் கண்முன் வந்து நின்றுவிட்டது. ஏனென்றால் அது நம் பேராக் மாநிலத் தோட்ட மக்களுக்கு எளிதான காலமன்று.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில் அவசரகாலம் நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அடையாள அட்டை வந்தது. ஊரடங்கு வந்தது. அரிசி எண்ணி எண்ணி அளக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்ட தோட்டங்கள் பல. மாலையில் வேலிக்கதவு அடைக்கப்பட்டால் காலையில்தான் திறக்கும்.

என் தாத்தா சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மல்யுத்தம் பார்க்க அவர்கள் ஈப்போவுக்குப் போன கதையை என் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். சம்பளம் போட்ட வாரம் சனிக்கிழமை பகலிலேயே குத்தகைக்காரரின் லோரியில் ஏறிவிடுவார்களாம். இரவில் திரும்பி வர வழியில்லை. புந்தோங்கில் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்களாம். ஒரு நாள் கூலிக்கு மேல் சீட்டுக்கே போய்விடும். பாட்டி இரண்டு நாள் பேசமாட்டாராம். வந்தவர்கள் பிரட்டுக்களத்தில் நின்று, பார்த்ததை நடித்துக் காட்டுவார்களாம். திங்கட்கிழமை விடியற்காலையில் கையில் உளியோடு நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் கிங்காங், ஒருவர் தாராசிங். கிங்காங்காக நடிக்க யாரும் முன்வராததால் எப்பொழுதும் கள்ளுக்கடைப் பக்கம் படுத்துக்கிடக்கும் ஒருவரையே பிடித்து வருவார்களாம்.

இதில் ஒரு கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. தாராசிங் தமிழர் அல்லர். சீக்கியர்களை நம் தோட்ட மக்கள் 'வங்காளி' என்றே அழைத்தனர். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர்கள் என்பதால் மலாய்க்காரர்களும் அவர்களைப் பெங்காளி என்றார்கள். அந்தப் பெயர் நமக்கும் ஒட்டிக்கொண்டது. பேராக்கில் அவர்களுடைய வரலாறு 1873இல் கேப்டன் ஸ்பீடி லாருட் பகுதிக்காக இந்தியாவில் திரட்டி வந்த சீக்கிய, பட்டாணிய வீரர்களோடு தொடங்குகிறது. அதன்பின் காவல்துறை, தைப்பிங்கில் இருந்த படைப்பிரிவு, வங்கி வாசலில் ஜாகா, மாட்டுப் பால், வட்டிக்கடன். தோட்டத் தமிழன் பார்த்த சீக்கியர் பெரும்பாலும் துரையின் சார்பில் தடி பிடித்து நின்றவர், அல்லது சம்பள நாளன்று கடன் வசூலிக்க வாசலில் நின்றவர். அப்படியிருக்க, ஒரு வங்காளிப் பயில்வானுக்காக என் தாத்தா ஏன் தொண்டை கிழியக் கத்தினார்?

விடை எதிராளியிடம் இருக்கிறது என்று இப்பொழுது நினைக்கிறேன்.

கிங்காங் என்பவரின் இயற்பெயர் எமில் சாயா. 1909இல் அன்றைய அங்கேரி நாட்டின் பிராஷோ நகரில் பிறந்தவர். அந்நகர் இன்று ருமேனியாவில் பிராஷோவ் எனப்படுகிறது. நெடுங்காலம் சிங்கப்பூரையே இருப்பிடமாகக் கொண்டு ஆசியா முழுவதும் சுற்றியவர். 200 கிலோ என்று விளம்பரங்கள் கூறின. அவர் ஒரு வேளைக்கு உண்ணும் கோழிகளின் எண்ணிக்கையும் முட்டைகளின் எண்ணிக்கையும் தோட்டத்துக்குத் தோட்டம் கூடிக்கொண்டே போயிற்று. எங்கள் தோட்டத்துக் கணக்குப்படி ஆறு கோழி, நாற்பது முட்டை. பக்கத்துத் தோட்டத்தில் எட்டுக் கோழியாம். தாடி வைத்த, மலைபோன்ற வெள்ளைக்காரர். அதுதான் முக்கியம்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையையும் பெரிய கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. சம்பளக் கோரிக்கையோடு சமமாக வைத்து எழுதப்பட்ட கோரிக்கை இது. பத்து ஆண்டுகூட ஆகவில்லை. சைக்கிளில் அமர்ந்தபடி ஒரு வெள்ளைக்காரரைக் கடந்து செல்ல முடியாதிருந்த மனிதர்கள், தங்கள் சொந்தக் காசில் சீட்டு வாங்கி அமர்ந்துகொண்டு, கறுத்த தோலுடைய ஒருவன் ஒரு வெள்ளைக்காரரைத் தோளில் தூக்கிச் சுழற்றிப் பலகையில் போடுவதைப் பார்த்தார்கள். கத்தினால் யாரும் தடுக்கவில்லை. கடைசி வரிசையில் நின்றவனும் கத்தலாம். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த நாட்டில் கூட்டமாகக் கூடி ஒரு வெள்ளைக்காரர் வீழ்ந்ததற்குக் கைதட்டுவதற்கு வேறு எந்த இடம் இருந்தது?

போட்டி ஏற்பாட்டாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே கருதுகிறேன். வெற்றி முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. ஆனால் யாருக்காக முடிவு செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மலிவுச் சீட்டில் அமர்ந்திருந்தவர்களுக்காக.

இது மலாயாவில் மட்டும் நடந்ததன்று. போரில் தோற்ற ஜப்பானில் 1954 பிப்ரவரியில் ரிக்கிடோசான் என்ற வீரர், ஷார்ப் சகோதரர்கள் என்ற நெடிய கனடியர் இருவரோடு மோதினார். அப்பொழுதுதான் தொலைக்காட்சி அங்கே வந்திருந்தது. தெருமுனைகளில் வைக்கப்பட்டிருந்த பெட்டிகளின்முன் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று அவ்விருவரும் அடிபடுவதைப் பார்த்தனர். மறு ஆண்டு நவம்பரில் நம்முடைய கிங்காங்கும் ஜப்பான் போனார். டைகர் ஜோகிந்தர் சிங்குடன் இணைந்து ஆசிய இரட்டையர் பட்டத்தை வென்றார். தோற்ற இணையில் ரிக்கிடோசானோடு நின்றவர் ஹெரால்டு சகாட்டா; பின்னாளில் 'கோல்டுஃபிங்கர்' படத்தில் தொப்பியை வீசிக் கொல்லும் அடியாளாக வந்தவர் அவர்தான். ஒரு வாரத்துக்குள் நடந்த தனியாள் இறுதிப் போட்டியில் கிங்காங் ரிக்கிடோசானிடம் வீழ்ந்தார். ஜப்பானியரின் மானம் காத்தவராகக் கொண்டாடப்பட்ட ரிக்கிடோசான் கொரியாவில் பிறந்தவர் என்பதும், அதை இரசிகர்களிடம் மறைத்தே வாழ்ந்தார் என்பதும் வேறு கதை.

கிங்காங்கை நினைத்தால் எனக்கு இரக்கமாகவும் இருக்கிறது. பல மேடைகளில் வென்றவர்தாம். ஆனால் அவரை நாம் நினைவில் வைத்திருப்பது விழுந்ததற்காக. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு வீரனுக்கு முன்னால் மலைபோல் வந்து நின்று, உரிய நேரத்தில் சரிந்து, எழுந்து, அடுத்த ஊருக்கு வண்டி ஏறும் தொழில். நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின்னும் அந்த உடலைப் பலகைமேல் மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டிருந்தார். 1970ஆம் ஆண்டு சிங்கப்பூரிலேயே காலமானார்.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். 200 கிலோ எடையுள்ளவரைத் தூக்கிச் சுழற்றியது. பெரியவர்கள் இதைத்தான் அசைக்க முடியாத சான்றாகக் காட்டுவார்கள். "அவ்வளவு பெரிய ஆளையே தூக்கினானே, அது பொய்யா?" சற்று யோசித்துப் பாருங்கள். விருப்பமில்லாத ஒரு மனிதரை, அதுவும் அந்த எடையில், தோளுக்குமேல் யாராலும் தூக்க முடியாது. கையை உதறினால், உடம்பைத் திருப்பினால் போதும், முடிந்தது. தூக்கப்படுபவர் சரியான கணத்தில் தன் எடையை ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஏற்பாடு இருந்தது என்பதற்கு அந்தத் தூக்கலே சான்று. ஆனால் ஒப்படைக்கப்பட்ட பின்னும் எடை எடைதான். ஆலையில் பீப்பாய் தூக்கியவர், நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தவர், 127 கிலோ உடம்பு கொண்டவர் என்பதால்தான் முதுகு முறியாமல் நின்றார். கதை பொய், முதுகெலும்பு மெய். இரண்டும் ஒரே மேடையில் இருந்தன.

மலாயாவில் பெற்ற பெயரோடு இந்தியா திரும்பிய பின் அவருடைய வளர்ச்சி நாமறிந்ததே. 1954இல் பம்பாயில் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று இந்திய வெற்றிவீரர் ஆனார். 1959இல் கல்கத்தாவில் கனடா நாட்டு ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம் பெற்றார். இந்தக் கோர்டியென்கோ இளமையில் கம்யூனிஸ்ட் இளைஞர் இயக்கத்தில் இருந்ததால் பல்லாண்டுகள் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாமல், பிற நாடுகளில் மேடை தேடி அலைந்தவர். 1968 மே 29ஆம் நாள் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று தாராசிங் 'உலக வெற்றிவீரர்' ஆனார்.

அந்தப் பட்டத்தையும் கவனிக்க வேண்டும். லூ தெஸ் தம்முடைய உலகப் பட்டத்தை 1966 ஜனவரியிலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். 1968இல் கினிஸ்கி ஓர் உலக வெற்றிவீரர், நியூ யார்க்கில் புரூனோ சம்மர்ட்டினோ இன்னோர் உலக வெற்றிவீரர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உலகம், ஓர் அரியணை. பம்பாயில் தாராசிங்குக்கு எதிரே நின்ற தெஸ் 52 வயதினர். இதையெல்லாம் சொல்வதால் தாராசிங் சிறுமைப்படுவதாக நான் எண்ணவில்லை. தெஸ் மேடை நடிப்புக்கு அப்பால் உண்மையான பிடிகளை அறிந்த பெரும் மல்லர். அவரோடு ஒரே மேடையில் நிற்பதற்கு வெறும் உடம்பு போதாது.

1962இல் 'கிங்காங்' என்ற பெயரிலேயே அவர் நடித்த இந்திப்படம் வெளிவந்தது. அதன்பின் எத்தனையோ படங்கள். 'மகாபாரத்' படத்தில் பீமன், 1976இல் 'பஜ்ரங்பலி'யில் அனுமன். 1983இல் டில்லியில் மல்யுத்தத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1987இல் இராமானந்த் சாகரின் 'இராமாயண்' தொடர் தொடங்கியபோது மீண்டும் அனுமன். வயது ஏறக்குறைய அறுபது. வீடியோ நாடாக்களில் அத்தொடரை எங்கள் வீட்டில் பார்த்த நாள் நினைவிருக்கிறது. இந்தி ஒரு சொல்லும் புரியாத என் தாத்தா, அனுமன் வரும் காட்சியில் மட்டும் எழுந்து உட்கார்ந்து, "இவன் நம்ம ஈப்போவுல சண்டை போட்டவன்" என்றார். அனுமனையே ஒருமையில் அழைக்கும் உரிமை அவருக்கு இருந்தது! 2003 முதல் 2009 வரை தாராசிங் இந்திய மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். 2012 ஜூலை 12ஆம் நாள் மும்பையில், 83ஆம் வயதில் காலமானார்.

இவ்வளவும் படித்து முடித்த பின் என் தந்தையாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு எண்பது வயது. சிறுவனாக ஒருமுறை தாத்தாவின் தோளில் அமர்ந்து கிங்காங்கை நேரில் பார்த்தவர். தாத்தா சொன்ன கதைகளில் அவருக்கு மிகப் பிடித்தது இதுதான். மாலைத் தேநீர் வேளையில் மெல்லத் தொடங்கினேன். யார் வெல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வார்களாம் என்றேன்.

சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "தூக்குனது பொய்யா?" என்றார்.

தூக்கியது உண்மைதான் என்றேன்.

"கீழ விழுந்தது?"

விழுந்ததும் உண்மைதான்.

"அந்தப் பலகை அதிர்ந்துச்சே, எங்க காலு வரைக்கும். அப்புறம் என்னடா பொய்யி?"

அதற்குமேல் அன்று அவர் என்னோடு பேசவில்லை. தேநீரும் அப்படியே ஆறிப்போயிற்று. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அன்றிரவு முழுவதும் எனக்கு உறுத்தல்.

மறுவாரம் அவருடைய பழைய தோட்டத்து நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தத் தோட்டம் இன்று இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்புப் பகுதி. கோயில் மட்டும் வேறிடத்தில் இருக்கிறது. நண்பர்கள் இருவரும் கூடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் சண்டை. ஈப்போவில் நடந்த ஒரு குஸ்தியில் கிங்காங் வென்றாரா, தோற்றாரா என்று. கிங்காங் கயிற்றுக்கு வெளியே விழுந்தார், ஆனால் அது தோல்வியாகாது என்பது நண்பரின் கட்சி. நடுவர் எண்ணி முடித்துவிட்டார் என்பது தந்தையாரின் கட்சி. நான் முன்பு சொன்ன 'ஏற்பாடு' பற்றி இருவருமே ஒரு சொல் எடுக்கவில்லை.

உள்ளறையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. தமிழாசிரியர்கள் அறிந்ததுதான். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். முழங்கால் எங்கே ஊன்றியது, மற்றக் கால் என்ன செய்தது என்பதுவரை நேர்முக வருணனை போலவே சொல்லியிருப்பார். அதே கிள்ளியை விரும்பிய நக்கண்ணையார், அவன் வென்றானா இல்லையா என்று ஊரார் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டதைத் தம் பாட்டில் வைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர். இன்றும் என் வீட்டுக் கூடம்.

மாணவனின் கட்டுரையை மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். 'மலேசியா'வை 'மலாயா' என்று திருத்தச் சொல்லிக் காரணத்தையும் விளக்கினேன். 200 கிலோ என்பது விளம்பரம் சொன்ன எடை என்றேன். தோற்றதே இல்லை என்ற வாக்கியத்தின் கீழே கோடிட்டு, இதைச் சான்றில்லாமல் எழுதக் கூடாது, யோசித்து நீயே மாற்றி எழுதிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். மேடையில் நடந்த ஏற்பாட்டைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அவன் அதிர்ச்சி அடைவான் என்று எதிர்பார்த்தேன். "ஜான் சீனா மாதிரியா, சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. அந்த ஒரு வாக்கியம் மட்டும் இப்படி இருந்தது: 'தாராசிங் ஒரு போட்டியிலும் தோற்றதில்லை என்று சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் கொள்ளுத்தாத்தா கூறுவார்.'

முழு மதிப்பெண் கொடுத்தேன்.